டாக்டரிடம் சொல்லாத ஞாயிற்றுக்கிழமை

என் மகள் வாணி பக்கத்து அறையில் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருக்கிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வீட்டுக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. அவள் லேசாக இருமினால்கூட இன்னும் ஓடிப் போய்ப் பார்க்கிறேன். வகுப்பில் யாராவது இருமினால், கரும்பலகையில் எழுதும்போது பாதி வரியில் நின்றுவிடுகிறேன். பிள்ளைகள் "டீச்சர்?" என்கிறார்கள். சின்னக் குழந்தை வைத்திருக்கிற யாராவது ஒருவர் இதைப் படித்து, நான் செய்ததைச் செய்யாமல் இருந்தால் போதும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

கல்யாணமாகிப் பதினான்கு வருடம் கழித்து, எனக்கு நாற்பத்தோரு வயது முடிந்த பிறகு பிறந்தவள் வாணி. இரண்டு முறை கலைந்த பிறகு மூன்றாவதாகத் தங்கியவள். தாம்பரத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது "பேத்தியா?" என்று கேட்பார்கள். "ஆமாம்" என்று சொல்லிவிட்டு ஏறிவிடுவேன், விளக்கம் சொல்ல நேரம் இருக்காது. நான் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர். என் கணவர் திருமுடிவாக்கத்தில் ஒரு லேத் பட்டறையில் மேற்பார்வையாளர். சேலையூரில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருக்கிறோம்.

அன்றைக்குச் சனிக்கிழமை. வாணிக்கு ஒரு வயது மூன்று மாதம். முன்பற்கள் மட்டும் வந்திருந்தன, அரைக்கிற பல் இன்னும் வரவில்லை. வேலை முடிந்து வந்த என் கணவர், தாம்பரத்தில் வாங்கிய வறுத்த வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். குழந்தையை மடியில் வைத்து, ஒவ்வொரு கடலையாக விரலில் நசுக்கித் தோலை ஊதிவிட்டு, பாதிப் பருப்பை அவள் வாயில் வைத்தார். அவளும் அப்பா மாதிரியே ஊதினாள். அதைப் பார்த்து அவர் முகத்தைக் கோணிக் காட்டினார். அவள் கெக்கெக்கே என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தபோதே இருமல் வந்தது.

"ஏங்க, என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல, புரை ஏறிடுச்சு" என்று அவர் உச்சந்தலையில் தட்டினார். "யாரோ நெனச்சுக்கறாங்க. எங்க அக்காவாதான் இருக்கும்."

இருமல் நிற்கவில்லை. அவள் உதடு நாவல்பழம் தின்றது போல ஆனது. நான் பிடுங்கிக் கவிழ்த்துப் போட்டு முதுகில் அடித்தேன். கொஞ்சம் வாந்தி எடுத்தாள், பிறகு வீறிட்டு அழுதாள். அழுகை வந்ததும் எங்களுக்கு உயிர் வந்தது. பால் குடித்தாள், தூங்கினாள். முடிந்தது என்று நினைத்தோம். ஆனால் தூக்கத்தில் அவள் மூச்சோடு ஒரு சத்தம் வந்தது. அடுப்பில் தண்ணீர் கொதிப்பதற்கு முன்னால் பாத்திரம் மெல்லிசாக ஒரு சத்தம் போடுமே, அந்த மாதிரி.

மறுநாள் காலையில் மேடவாக்கத்திலிருந்து மீனா அண்ணி வந்தார். என் கணவருடைய அக்கா. எனக்குக் குழந்தை இல்லாத பதினான்கு வருடத்தில் ஒரு நாளும் என்னை ஒரு சொல் சொல்லாதவர். வந்ததும் குழந்தையை நெஞ்சோடு வைத்துக் கேட்டார்.

"என்னம்மா இது, உள்ள பூனைக்குட்டி கத்துது? கடலை சிக்கிக்கிச்சு. தொக்கம் எடுத்துடலாம். கேளம்பாக்கம் பக்கத்துல ஒருத்தர் இருக்காரு, ஞாயித்துக்கிழமைதான் பாப்பாரு. கெளம்பு, பால் எதுவும் குடுக்காத, வெறும் வயித்துல போகணும்."

தின்றது வயிற்றில் சிக்கிக்கொண்டால் தொக்கம் என்பார்கள். வயிற்றை நீவி, குழல் வைத்து உறிஞ்சி அதை வெளியே எடுப்பவர்கள் எங்கள் பக்கத்தில் பல ஊர்களில் உண்டு. எனக்கே சின்ன வயதில் எடுத்திருக்கிறார்கள். போகலாமா வேண்டாமா என்று நான் யோசிக்கவே இல்லை. பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து போனேன், வாணிக்கு மாடு காட்டிக்கொண்டு.

ஓட்டு வீட்டு வாசலில் இருபது முப்பது பேர் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் மடியிலும் குழந்தை. எங்கள் முறை வந்ததும் அந்த மனிதர் வாணியின் வயிற்றை எண்ணெய் தொட்டு நீவினார். தொப்புளில் ஒரு பித்தளைக் குழலை வைத்து உறிஞ்சினார். வாழை இலைத் துண்டில் துப்பினார். சளியோடு ஒரு வேர்க்கடலைப் பருப்பு.

"பாத்துக்கம்மா" என்றார். "நல்ல நேரத்துல வந்த."

நான் இலையைக் குனிந்து பார்த்தேன். அண்ணியும் நானும் கையெடுத்துக் கும்பிட்டோம். திரும்பி வரும் வழியில் நானும் அண்ணியும் இளநீர் குடித்தோம். அவ்வளவு நிம்மதி.

அடுத்த வாரம் காய்ச்சல் வந்தது. எங்கள் பகுதியில் கைராசிக்காரர் என்று பெயர் வாங்கிய ஒரு குழந்தை டாக்டரிடம் போனோம். பெஞ்சில் காத்திருக்கும்போது உள்ளே அவர் ஒரு பெண்ணைத் திட்டுவது கேட்டது. "தொக்கம் எடுத்தீங்களா? அப்ப அங்கயே போங்களேன், எங்கிட்ட எதுக்கு வர்றீங்க? எழுதப் படிக்கத் தெரியாதவங்களா நீங்க?" அந்தப் பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனாள். அடுத்தது நாங்கள்.

டாக்டர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். அவர் மகன் என் வகுப்பில்தான் படித்தான். "வாங்க டீச்சர், உக்காருங்க" என்றார். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். பிறகு எழுதிக்கொண்டே, தலை நிமிராமல், "குழந்தை ஏதாவது முழுங்கிச்சா? காசு, கொட்டை, கடலை, அந்த மாதிரி?" என்றார்.

"இல்ல டாக்டர்" என்றேன்.

இதைத்தான் நான் எழுத வேண்டியிருந்தது. எழுதிவிட்டேன். கடலைதான் எடுத்தாகிவிட்டதே, எடுத்துவிட்டதைப் பற்றி எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன் என்பது உண்மை. டீச்சர் என்று மரியாதையாகப் பேசியவர் வாயால் திட்டு வாங்க எனக்குத் தைரியம் இல்லை என்பதும் உண்மை. எது பெரிய காரணம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. என் கணவர் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவரும் பேசவில்லை.

மருந்து கொடுத்தார், காய்ச்சல் இறங்கியது. பத்து நாளில் திரும்ப வந்தது. வேறு மருந்து கொடுத்தார், இறங்கியது, திரும்ப வந்தது. முன்கையில் ஒரு சின்ன ஊசி போட்டு, அந்த இடம் எவ்வளவு தடிக்கிறது என்று இரண்டு நாள் கழித்து அளந்து பார்க்கிற டெஸ்ட் ஒன்று உண்டு. அது இருக்கு என்றும் சொல்ல முடியாமல் இல்லை என்றும் சொல்ல முடியாமல் வந்தது. "பிரைமரி காம்ப்ளெக்ஸா இருக்கலாம்" என்றார் டாக்டர். காசநோய்க் கிருமி முதன்முதலாகக் குழந்தையின் நெஞ்சில் வந்து தங்குவதற்கு அந்தப் பெயர். எங்கள் தெருவிலேயே நாலு குழந்தைகளுக்கு அதற்காக மருந்து ஓடிக்கொண்டிருந்தது. அதனால் நாங்கள் பெரிதாகப் பயப்படக்கூட இல்லை. ஆறு மாதம் கொடுக்க வேண்டிய சிவப்பு சிரப். அதைக் குடித்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். அவளுடைய துணிகளெல்லாம் காவி பிடித்துப் போயின. மொட்டை மாடிக் கொடியில் அவற்றைக் காயப்போடும்போது கீழ்ப் போர்ஷன் அம்மா, "உங்க வீட்டுச் சாமியார் துணியெல்லாம் காய்ஞ்சிடுச்சா?" என்று கேலி செய்வார். நானும் சிரித்திருக்கிறேன்.

ஏறக்குறைய இரண்டு மாதம் அந்த மருந்தைக் கொடுத்தேன். மணி தவறாமல் கொடுத்தேன். அவளுக்கு இல்லாத ஒரு நோய்க்கு.

அவள் எடை ஏறவில்லை. நடக்க ஆரம்பித்தவள் உட்கார்ந்துவிட்டாள். அந்தச் சத்தம் மட்டும் நிற்கவே இல்லை. இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது, எங்களுக்கு அது பழகிவிட்டது. சமையலறையில் வேலை செய்துகொண்டே காதை மட்டும் அந்தப் பக்கம் வைத்திருப்பேன். சத்தம் வந்தால் குழந்தை தூங்குகிறது என்று அர்த்தம்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்துக்கு ஆள் வந்தது. நான் வேலைக்குப் போகும் நேரத்தில் குழந்தையைக் கீழ்ப் போர்ஷன் அம்மாதான் பார்த்துக்கொள்வார். ஓடிப் போய்ப் பார்த்தால், ஒவ்வொரு மூச்சுக்கும் வாணியின் விலா எலும்புகளுக்கு நடுவில் சதை உள்ளே குழிந்தது. கண் திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் அவளைத் தொட்டுப் பார்த்துவிட்டு உடனே ஒரு கடிதம் எழுதினார். "நிமோனியா. இங்க வெச்சுக்க வேண்டாம் டீச்சர். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க, இப்பவே." அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. நான் சொன்னதை நம்பி வைத்தியம் செய்தார், அவ்வளவுதான்.

டாக்சியில் நகரத்துக்குப் போனோம். அங்கே வாணியின் மூக்கில் ஆக்சிஜன் குழாயை ஒட்டினார்கள், தலையில் நரம்பு தேடி ஊசி குத்தினார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். நெஞ்சுப் பிரிவின் பெரிய டாக்டர் ஒரு பெண்மணி. என் வயதுதான் இருக்கும். எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"இங்க பாருங்க. வலது நுரையீரல்ல கீழ்ப் பாதி வெள்ளையா சுருங்கிக் கெடக்கு, காத்தே போகல. இடது பக்கம் நல்லாத்தான் இருக்கு. காசநோய்னா பெரும்பாலும் இப்படி ஒரே இடத்துல கதவைச் சாத்தின மாதிரி இருக்காது. உள்ள ஏதோ அடைச்சிருக்கு." எக்ஸ்ரேயை இறக்கினார். "குழந்தை என்ன முழுங்கிச்சு?"

"ஒண்ணும் இல்ல மேடம்" என்றார் என் கணவர், பழக்க தோஷத்தில்.

எங்கள் இரண்டு பேருக்கும் அந்தப் பொய் மனப்பாடம் ஆகியிருந்தது.

"கடலை" என்றேன். "வேர்க்கடலை. மூணு மாசம் ஆகப்போகுது. புரை ஏறிச்சு. மறுநாள் தொக்கம் எடுத்தோம். கடலை வந்துச்சு மேடம், நான் கண்ணால பாத்தேன்."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இதை மொதல்ல பாத்த டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"திட்டுவாருன்னு."

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"டீச்சர்."

"என்ன சப்ஜெக்ட்?"

"சயின்ஸ்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியது. பிறகு ஒரு சீட்டின் பின்பக்கம் படம் போட்டு என் கணவருக்கு விளக்கினார். உணவுக் குழாய் ஒன்று, மூச்சுக் குழாய் ஒன்று. மூச்சுக் குழாய் கீழே போய் இரண்டாகப் பிரிகிறது. இருமினபோது கடலை போனது இந்த வழி. வயிற்றை எவ்வளவு நீவினாலும், எவ்வளவு உறிஞ்சினாலும் அதற்கு வழியே கிடையாது. அதே படத்தை நான் வருடா வருடம் வண்ணச் சாக்பீஸில் கரும்பலகையில் வரைகிறேன். நீல நிறத்தில் ஒரு குழாய், சிவப்பில் ஒரு குழாய். அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போய்த் திரும்பிய இரண்டு மணி நேரத்தில் ஒரு தடவைகூட அந்தப் படம் என் நினைவுக்கு வரவில்லை.

மூன்று நாள் நிமோனியாவுக்கு மருந்து கொடுத்து, நாலாவது நாள் பிராங்கோஸ்கோபி என்றார்கள். மயக்கம் கொடுத்து, வாய் வழியாக ஒரு நேரான உலோகக் குழாயை மூச்சுக் குழாய்க்குள் இறக்குவார்கள். அதற்குள்ளே விளக்கு இருக்கும், சின்ன இடுக்கியும் போகும். பார்த்து, பிடித்து, வெளியே எடுக்க வேண்டும். கடலை ஊறி நொய்ந்திருப்பதால் பிடிக்கும்போது உடையலாம். உடைந்த துண்டு நல்ல பக்கத்தில் போய் விழுந்தால் இரண்டு பக்கமும் அடைத்துக்கொள்ளும். இதைச் சொல்லிவிட்டுக் கையெழுத்துக் கேட்டார்கள். நானூறு பிள்ளைகளின் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்ட கை, அன்றைக்கு என் பெயரின் முதல் எழுத்தையே இரண்டு தடவை அடித்து எழுதியது.

அண்ணி தினமும் மேடவாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி டிபன் கேரியரில் சாப்பாடு கொண்டுவந்தார். நாங்கள் சாப்பிடும்வரை தான் சாப்பிட மாட்டார். அன்றைக்கு ஆபரேஷன் தியேட்டர் வாசலில் கேரியரை வைத்துவிட்டு என் காலடியில் தரையில் உட்கார்ந்தார்.

"என் வாயாலதானம்மா சொன்னேன்."

"எழுந்திரிங்க அண்ணி. நீங்க சொன்னீங்க. டாக்டர்கிட்ட மறைச்சது நான்தான்."

"நான் கடலையே வாங்கியிருக்கக் கூடாது" என்றார் என் கணவர் சுவரைப் பார்த்தபடி.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கதவு திறக்கும்போதெல்லாம் மூன்று பேரும் எழுந்து நின்றோம். யாரோ ஒரு ஊழியர் வாளியோடு போவார், திரும்ப உட்காருவோம்.

கடைசியில் டாக்டரே வந்தார். கையில் ஒரு சின்ன பாட்டில். தண்ணீரில் பழுப்பாக, ஊதி, மூன்று துண்டுகள் கிடந்தன. "ரெண்டு வாட்டி உடைஞ்சுது. எல்லாம் வந்துடுச்சு. மூச்சு விடறா."

என் கணவர் பாட்டிலை வாங்கினார். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனதில் அந்த வாழை இலை வந்தது. இலையில் கிடந்த பருப்பு மொறுமொறுவென்று புதிதாக இருந்தது. அதன்மேல் சிவப்புத் தோல்கூட இருந்தது. என் கணவர் அவளுக்குக் கொடுத்தது எல்லாமே தோல் ஊதிய பாதிப் பருப்பு. நான் குனிந்து பார்த்தேன். தோலைக் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் வாணியை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தவள் அசதியில் கண் மூடிவிட்டேன் போல. திடுக்கிட்டு விழித்தேன். எந்தச் சத்தமும் இல்லை. மூன்று மாதமாக என் காதில் இருந்த அந்தச் சத்தம் இல்லை. "ஐயோ, குழந்தை போயிடுச்சே!" என்று கத்திவிட்டேன். வார்டு முழுக்க எழுந்து பார்த்தது. தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயாதான் முதலில் ஓடிவந்தார். வாணியின் மூக்குக்கு நேரே புறங்கையை வைத்தார்.

"இன்னாம்மா கத்தற? கொயந்த நல்லா தூங்கிகினு கீது. மூச்சு சுடச்சுட வருது பாரு, கைய வெய்யி."

"சத்தம் வரல ஆயா."

"சத்தம் இன்னாத்துக்கு வரணும்? மூச்சு வுடற கொயந்த இப்டித்தான் தூங்கும். இத்தினி நாளு நீ பாத்ததுதாம்மா பேஜாரு."

என் கையைப் பிடித்து வைத்தார். சூடு புறங்கையில் பட்டது, விலகியது, திரும்பப் பட்டது. நான் கையை எடுக்கவே இல்லை. ஆயா போய்விட்டார். பக்கத்துக் கட்டில்காரி எனக்கு ஒரு டம்ளர் காபி வைத்துவிட்டுப் போனாள், அது ஆறிப்போனது.

ஒன்பதாவது நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். செலவுக்கு என் வளையல் போனது, அது ஒரு விஷயமே இல்லை. நுரையீரலின் கீழ்ப் பகுதி இன்னும் முழுக்க விரியவில்லை. மாதா மாதம் போய்க் காட்டுகிறோம். விரிந்துவிடும் என்றும் சொல்கிறார்கள், கொஞ்சம் குறை தங்கினாலும் தங்கும் என்றும் சொல்கிறார்கள். முதலில் பார்த்த தாம்பரம் டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். "நான் அன்னிக்கு அந்தம்மாவை அப்படித் திட்டியிருக்கக் கூடாது டீச்சர்" என்றார். என்னைத் திட்டுவார் என்றுதான் நான் காத்திருந்தேன். நாற்காலியை விட்டு எழுந்து வந்துவிட்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் விடியற்காலையில் எழுந்து சட்டை போட்டார். எங்கே என்று கேட்டேன். அலமாரியிலிருந்து அந்த பாட்டிலை எடுத்துப் பையில் வைத்தபோது புரிந்தது. "வேணாங்க, அடிதடியாயிடும்" என்றேன். அவர் கோபக்காரர் இல்லை. ஆனாலும் மத்தியானம் அவர் திரும்பி வரும்வரை நான் வாசற்படியிலேயே நின்றேன்.

வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.

"என்ன சொன்னான்?"

"பாட்டிலைக் காட்டி, பெரிய ஆஸ்பத்திரியில டாக்டரம்மா எடுத்ததுன்னு சொன்னேன். வெளிச்சத்துல தூக்கிப் பாத்தான். 'உங்க கொழந்தை ரெண்டு கடலை தின்னிருக்கும் சார், நான் ஒண்ணை எடுத்தேன், அவங்க ஒண்ணை எடுத்தாங்க'ன்னான். கொஞ்சம்கூட யோசிக்கல."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எங்க சொல்ல விட்டாங்க? வரிசையில இருந்தவங்க எல்லாம் 'நகருங்க சார், கொழந்தைங்க பசியோட கெடக்குது'ன்னாங்க. யாரும் எழுந்துக்கல."

வாணி தவழ்ந்து வந்து அவர் காலைப் பிடித்து நின்றாள். அவர் அவளைத் தூக்கவில்லை, தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பஸ் ஸ்டாப்புக்கு வந்து நின்னேன். பின்னாலயே ஒரு பொண்ணு வந்துச்சு, கையில ஆறேழு மாசக் கொழந்தை. இருபது வயசுகூட இருக்காது. பஸ் வர்றப்போதான் கேட்டுச்சு. 'அண்ணா, அந்தப் பெரிய டாக்டரம்மா திட்டுவாங்களா?'"

"என்ன சொன்னீங்க?"

"திட்ட மாட்டாங்கன்னு சொன்னேன்" என்றார். "அப்புறம், திட்டினாலும் சொல்லிடும்மான்னேன். ஆஸ்பத்திரி பேரையும் நம்ம வார்டு நம்பரையும் பஸ் டிக்கெட்டுக்குப் பின்னால எழுதிக் குடுத்தேன்."

"அவ எங்க போனா? பஸ்ல ஏறினாளா?"

"தெரியலையே" என்றார் என் கணவர். "கூட்டத்துல நான்தான் முதல்ல ஏறிட்டேன்."